டோர்மட்டைத் திட்டிய ஒரே ஆள்

டோர்மட் நல்லவன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்கு ஒரு விஸ்கி வாசனை உண்டு.

லூயிஸ் தீவின் மேற்குக் கரையிலிருந்து ஸ்டோர்னோவே பட்டணத்துக்கு ஓடிய ஒரே பஸ் அவனுடையது. யுத்தம் முடிந்து கப்பற்படையிலிருந்து திரும்பியவன், எங்கேயோ கழித்துக்கட்டிய ஒரு வண்டியை வாங்கி, தானே பச்சை பூசி, தானே ஓட்டினான். கோழிக்குஞ்சு, நூல்கண்டு, கிழவிகளின் மருந்துப் புட்டி என்று எதைக் கொடுத்தாலும் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்குவான். வாரம் முழுக்கத் தங்கம். சனிக்கிழமை வந்தால்தான் வினை. ஊர்க்கோடியில் தகரக் கூரை போட்ட குடிக்கொட்டகை ஒன்று இருந்தது. மத்தியான ஓட்டத்துக்கும் சாயங்கால ஓட்டத்துக்கும் நடுவே அங்கே போய்விடுவான்.

"எனக்கும் கவலை வரட்டும், அன்னைக்கே விட்டுடறேன்" என்பான் மனைவி பெய்கியிடம்.

இந்தக் கவலை வேறு கவலை. எங்கள் பக்கத்தில் ஒருவர் மனந்திரும்பிக் கர்த்தரிடம் வந்துவிட்டால், 'அவருக்குக் கவலை வந்துவிட்டது' என்றுதான் சொல்வது. அது காய்ச்சல் மாதிரி தானாக வர வேண்டும், நாமாகப் போய் வாங்கிக்கொண்டு வர முடியாது. யார் யாருக்கு வரும் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே குறித்தாகிவிட்டது. அதனால் எங்கள் குடிகாரர்களில் பாதிப் பேர் குடியை விடத் தயாராக, கவலைக்காகக் காத்திருந்தார்கள். சும்மா எப்படிக் காத்திருப்பது என்று குடித்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

அப்படியிருக்க, ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை சாயங்காலம், பட்டணத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பஸ் பாதையை விட்டுச் சேற்றுப் பள்ளத்தில் சரிந்தது. நல்ல வெளிச்சம், காய்ந்த பாதை, எதிரே ஓர் ஆடுகூட இல்லை. மற்றவர்கள் சிராய்ப்போடு எழுந்துவிட்டார்கள். தையல்காரி எஃபிக்கு இடது கால் முறிந்தது. எஃபி தனிக்கட்டை. டோர்மட்டோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஊருக்கே துணி தைப்பவள், ஊர் வம்பும் சேர்த்தே தைப்பாள். கால் கூடினாலும் நொண்டல் போகாது என்று பட்டணத்து டாக்டர் சொல்லிவிட்டார். டோர்மட் ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்பானது.

முதலில் ஆறுதல் சொல்ல வந்தவர் சபை மூப்பர் ஹெக்டர். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு நெருப்பருகே உட்கார்ந்தார்.

"மனசைப் போட்டு உழப்பிக்காதே தம்பி. கர்த்தர் சித்தமில்லாம அந்தச் சக்கரம் ஒரு சுத்து சுத்தியிருக்குமா? நாமெல்லாம் விழுந்துபோன ஜென்மங்க. நம்மால ஆகறது ஒண்ணுமில்லே."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"காத்திரு. கவலை வர்றப்போ வரும்."

சபையில் பேசும்போது ஹெக்டர் இப்படியில்லை. தான் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் மனிதன் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று அடித்துப் பேசுவார். இளகிய மனசுக்காரர், ஆறுதல் சொல்ல வந்த வீட்டில் போதனையில் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டார்.

அடுத்து வந்தவன் பெய்கியின் அண்ணன் லாக்லன். கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் துறையில் வேலை, சங்கத்தில் பெரிய பேச்சாளி. கடவுள், ஆத்மா எல்லாம் முதலாளிகள் கட்டிவிட்ட கதை என்பான். விடுமுறைக்கு வந்தவன் தங்கை புருஷனின் தோளில் தட்டினான்.

"இதுல உன் தப்பு எங்கே இருக்கு மாப்பிள? உங்கப்பன் குடிச்சான், அவங்கப்பன் குடிச்சான். மீன் வியாபாரம் படுத்துச்சு, யுத்தம் வந்துச்சு. மூளைங்கறது ஒரு எந்திரம். ஊத்தினதுக்குத் தக்கபடி ஓடும். ஆத்து வெள்ளத்தைப் போய் யாராவது ஜெயில்ல போடுவானா?"

வேலைநிறுத்தம் என்று வந்தால் தொழிலாளி உலகத்தையே புரட்டிப் போடுவான் என்று பேசுகிறவன்தான். மாப்பிள்ளையின் புட்டி என்று வந்ததும் மனிதனால் ஒரு மூடியைக்கூடத் திருப்ப முடியாது என்றாகிவிட்டது. ஹெக்டரும் லாக்லனும் வானம் நீலம் என்பதில்கூட ஒத்துப்போக மாட்டார்கள். டோர்மட்டால் ஒன்றும் ஆகாது என்பதில் மட்டும் அண்ணன் தம்பி போல ஒற்றுமையாக இருந்தார்கள்.

டோர்மட்டுக்கும் முதலில் அது இதமாகத்தான் இருந்தது. நன்றாகத் தூங்கினான். போகப்போகத்தான் உள்ளே எதுவோ அரிக்கத் தொடங்கியது. இவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அன்றைக்கு பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை என்பது போல ஆகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்குப் போனான். யாரும் ஆச்சரியப்படவில்லை. பெய்கிகூடச் சண்டை போடாமல் கதவைத் திறந்துவிட்டாள். அதுதான் அவனை மிகவும் வாட்டியது.

எஃபி கட்டுப் போட்ட காலோடு வீடு திரும்பியதும், பெய்கி ஒரு சட்டி உப்பு மீனும் உருளைக்கிழங்கும் கொடுத்தனுப்பினாள். டோர்மட் அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான்.

"வந்துட்டியா?" என்றாள் எஃபி, கட்டிலில் இருந்தபடியே. "உன் மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. சட்டியை வெச்சுட்டு உக்காரு. நிறைய பாக்கி இருக்கு திட்டறதுக்கு."

"எஃபி, ஹெக்டர் சொல்றார், இது தேவ சித்தம்னு..."

"தேவன்கிட்டப் பேச வேண்டியதை நான் ஜெபத்துல பேசிக்கறேன். இப்ப உன்கிட்டப் பேசறேன்."

"லாக்லன் சொல்றான், எங்க வம்சமே குடிகார வம்சம்..."

"எங்கம்மா வம்பு பேசினா, எங்க பாட்டி வம்பு பேசினா, நானும் பேசறேன். போன வருஷம் உன் பொண்டாட்டியைப் பத்தி ஒரு பொய் சொல்லிட்டு, மனசு கேக்காம உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு மன்னிப்பு கேட்டேனே, அது யாரு? எங்க பாட்டி எழுந்து வந்து கேட்டாளா?"

டோர்மட் அப்போதுதான் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"பக்கத்து வீட்டுக் கடா என் வேலியை முட்டிச் சாய்ச்சுது" என்றாள் எஃபி. "அதைக் கட்டிப் போடுங்கன்னு சொன்னேன். அதுமேல எனக்குக் கோவமே வரலே. உன்மேல வருது. வயித்தெரிச்சலா வருது. நீ கடா இல்லே. அந்தக் குட்டிப் பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உக்காந்திருந்த மனுஷன். நல்லாத் தெரிஞ்சும் என்னை ஏத்திக்கிட்டு ஓட்டினே."

டோர்மட் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இத்தனை நாளாக இதற்குத்தான், யாராவது ஒருவர் தன்னைத் திட்ட மாட்டார்களா என்றுதான் ஏங்கியிருக்கிறான். அது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"ஆமா, தெரியும்" என்றான். "கொட்டகையை விட்டு வெளிய வர்றப்பவே கால் தடுமாறிச்சு. ஓட்டாதேன்னு உள்ள ஒண்ணு சொல்லுச்சு. நான்தான் கேக்கலே. என்னை மன்னிச்சுடு எஃபி."

"மாட்டேன். இன்னைக்கு மாட்டேன். கால் வலிக்குது." அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "வசந்தத்துல சேத்து மண்ணுலேருந்து வெட்டிக் காயப்போட்ட என் பீட் கட்டியெல்லாம் மேட்டுலயே கிடக்கு. குளிர்காலத்துக்கு அடுப்புக்கு வேற எதுவும் இல்லே. சனிக்கிழமை மத்தியானம் வந்து வீட்டுக்குக் கொண்டு வா."

"சனிக்கிழமையா?"

"சனிக்கிழமைதான். உனக்குக் கவலை வர்ற வரைக்கும் குளிர் காத்துக்கிட்டிருக்காது."

மேட்டிலிருந்து வரும் பாதை குடிக்கொட்டகையை ஒட்டித்தான் போகிறது. எஃபிக்கு அது தெரியாதா என்ன. சனிக்கிழமை, தள்ளுவண்டி நிறைய பீட் கட்டிகளோடு டோர்மட் அங்கே வந்தபோது, வாசலில் நின்றிருந்த நாலு பேர் கை தட்டி அழைத்தார்கள். அவர்களில் லாக்லனும் இருந்தான்.

"மாப்பிள, எந்திரத்துக்கு எண்ணெய் விட்டுட்டுப் போ."

டோர்மட் வண்டியை இறக்கி வைத்தான். தொண்டை காய்ந்திருந்தது, முதுகு விண்ணென்று வலித்தது. உள்ளே தேடிப் பார்த்தான். கவலை வந்திருக்கவில்லை. உடம்பும் மாறியிருக்கவில்லை, பழையபடி கேட்டது. யாரும் அவனைத் தள்ளவுமில்லை, இழுக்கவுமில்லை. அந்த வெறுமையைப் பார்த்து அவனுக்குப் பயமாக இருந்தது. பிறகு குனிந்து பிடியைத் தூக்கினான்.

"இன்னைக்கு வேணாம் மச்சான்" என்றான்.

அன்று, வேலை செய்யக் கூடாத ஞாயிறு ஓய்வுநாள் பிறப்பதற்குள் முடிந்த அளவு கொண்டுவந்து எஃபியின் சுவரோரம் அடுக்கினான். அடுத்த சனிக்கிழமையும் போனான். எல்லாச் சனிக்கிழமையும் ஜெயித்தான் என்று சொன்னால் அது பொய். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டான். திங்களன்று தானாகவே எஃபியிடம் போய்ச் சொன்னான். அவள் ஊருக்கே கேட்கும்படி திட்டிவிட்டுத் தேநீர் கொடுத்தாள். பெய்கியும் அந்த வாரம் பழையபடி அவனோடு சண்டை போட்டாள். டோர்மட்டுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

குளிர்காலம் கழிவதற்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. "கவலை வந்துடுச்சு, கிருபைதான்" என்றார் ஹெக்டர். கிறிஸ்துமஸ் கழிந்து புத்தாண்டுக்கு வந்த லாக்லன், "கிருபையாவது மண்ணாவது. விபத்துல நரம்பு அதிர்ந்துபோச்சு, அவ்வளவுதான்" என்றான். இருவரும் டோர்மட்டின் அடுப்பருகிலேயே உட்கார்ந்து மல்லுக்கட்டினார்கள்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கலாம்" என்றான் டோர்மட். "ஆனா மழையில வண்டி தள்ளினப்போ உங்க ரெண்டு பேரையும் அந்தப் பக்கம் காணோமே."

பெய்கி விழுந்து விழுந்து சிரித்தாள். ஹெக்டரும் சிரித்துவிட்டார். லாக்லன் மட்டும் தன்னுடைய விஸ்கிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தேநீர் கேட்டான்.

மறுவருஷம் கோடையில் உரிமம் திரும்பி வந்தது. டோர்மட் பஸ்ஸைக் கழுவி, புதிதாகப் பச்சை பூசி, காலை ஓட்டத்துக்கு நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். கூடையும் பையுமாக ஒரு கூட்டம் நின்றது. எல்லோரும் அன்பாக விசாரித்தார்கள். வண்டி அழகாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. டோர்மட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவர்கள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இந்த பஸ் இனி ஓடாது என்றே நினைத்தான்.

அப்போது எஃபி தடியை ஊன்றிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள். டோர்மட் இறங்கிப் போய்க் கை நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டுத் தானே ஏறினாள். அவனுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி உக்காரு எஃபி, அங்கதான் பத்திரம்."

"எதுக்கு? நீ ஓட்டறதை நான் பார்க்க வேணாமா? கோணலா ஒரு திருப்பு திருப்பினே, பிடரியில இந்தத் தடி விழும்." பிறகு ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தாள். "நீங்கள்லாம் என்ன, நடந்தே போறதா உத்தேசமா?"

ஒவ்வொருவராக ஏறினார்கள். சத்தம் அடங்கியதும் எஃபி முன்னால் சாய்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மன்னிச்சுட்டேன். வண்டியை எடு."

டோர்மட்டுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. சட்டைக் கையால் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். பாதை தெளிவாகத் தெரிகிற வரைக்கும் அவன் வண்டியை எடுக்கவில்லை.