"முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்" என்ற எங்கள் ராத்தா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகருக்கு எங்கள் ராத்தா "டீச்சர்". உங்கள் பிள்ளை சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று தெரியாமல் நின்ற நாளில், பெறுபேற்றுத் தாளோடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் நீங்கள். எனக்கு அவர் கூடப்பிறந்த மூத்தவர். அவர் வபாத்தாகி ஒரு வருடம் நிறைகின்ற இவ்வேளையில் குடும்பத்தின் சார்பில் எழுதும் பொறுப்பை ராத்தாவின் கணவரான மச்சான் என்னிடம் தந்தார். "நீதான் எழுத வேணும் தம்பி" என்றார். ஏன் நான்தான் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ராத்தா கல்முனைக்குடியில், கடற்கரை வீதிக்கு இரண்டு வளவு தள்ளி இருந்த எங்கள் பழைய வீட்டில் பிறந்தார். வாப்பா கரையில் மீன் ஏலம் எடுத்து லொறியில் கொழும்புக்கு அனுப்புபவர். ராத்தாவுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் நான் பிறந்தபோது என்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவர் ராத்தாதான் என்று உம்மா சொல்வார். எனக்கு எழுத்துக் காட்டித் தந்ததும், சுன்னத்துச் செய்த நாளில் என் தலைமாட்டில் விசிறியோடு இருந்ததும் அவர்தான்.

சாதாரணதரத்தில் ராத்தாவுக்குக் கணிதத்தில் விசேட சித்தி. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்க அவருக்கு ஆசை. அந்தக் காலத்தில் எங்கள் பகுதிப் பெண்பிள்ளை ஒருவர் கணிதப் பிரிவில் படிப்பதென்றால் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போக வேண்டும். நாட்டு நிலைமையும் அப்போதுதான் கெடத் தொடங்கியிருந்தது.

"கொமர்ப் புள்ளய பஸ்ஸில அனுப்ப ஏலா. இஞ்சரிக்கிற படிப்பப் படிக்கட்டும்" என்றார் வாப்பா. அதோடு கதை முடிந்தது. ராத்தாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கலைப் பிரிவில் சேர்ந்தார், பல்கலைக்கழகம் போனார், புவியியல் ஆசிரியையாக ஊருக்கு வந்தார். அஞ்சல் அலுவலகத்தில் வேலை செய்த மச்சானைக் கைப்பிடித்து ஒரு பெண்பிள்ளைக்குத் தாயானார். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கணித ஆசிரியர் வராத நாட்களில் அந்த வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவாராம். அதை அவர் வீட்டில் சொன்னதே இல்லை. அவரோடு படிப்பித்த ஒருவர் ஜனாஸா வீட்டில் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

இனி எழுதப்போவது எனக்கு எழுதக் கஷ்டமானது.

நான் சாதாரணதரம் எழுதிய வருடம் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எனக்குப் பெறுபேறு நன்றாக வந்திருந்தது. விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி. என் மனமோ வேறு இடத்தில் இருந்தது. யாராவது வீடு கட்டினால் அத்திவாரம் வெட்டும் நாளிலேயே நான் போய் நிற்பேன். எங்கே கதவு, எங்கே யன்னல், காற்று எந்தப் பக்கம் வரும் என்று பழைய கொப்பித் தாளில் கீறிக்கொண்டு வருவேன். தொழினுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதே என் எண்ணம்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் குழறிய நாக்கால், "ஒன்ட ராத்தா படிச்சவ. அவ சொல்றதக் கேளு" என்றார்.

ராத்தா அன்று பின்னேரம் பாடசாலையிலிருந்து வந்து பர்தாவைக்கூடக் கழற்றாமல் என் விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.

"இந்த ரிசல்ட்ட வச்சிக்கிட்டு வீடு கீறப் போறியா? பயோ செய் தம்பி. நீ டொக்டராகுற புள்ள."

"எனக்கு அதில விருப்பமில்ல ராத்தா."

"விருப்பம் படிக்கப் படிக்க வரும். எனக்குத்தான் ஒருத்தரும் வழி உடல்ல. ஒனக்கு நான் இரிக்கன்."

அவரே பேனையால் உயிரியல் பிரிவுக்கு நேரே சரி போட்டார். நான் கையெழுத்து வைத்தேன். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோசத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதினேன். முதல் தரம் இரண்டு பாடம் போயிற்று. இரண்டாம் தரம் மூன்றும் சாதாரண சித்தி. ராத்தா தன் சம்பளத்தில் எனக்கு மட்டக்களப்பில் டியூசன் வைத்தார். எங்கள் வகுப்பில் படித்தவர்கள் வேலைக்கும் கம்பஸுக்கும் போய்விட, என்னைவிட இளைய பொடியன்களோடு ஒரே வாங்கில் இருந்து தவளையின் குருதிச் சுற்றோட்டத்தைப் பாடமாக்கினேன். மூன்றாம் தரம் முன்னதைவிட மோசமாக வந்தது. பெறுபேறு வந்த அன்று ராத்தா முற்றத்தில் நின்று, "பரவாயில்ல தம்பி, இன்னொருக்கா பாப்பம்" என்றார்.

"இன்னொருக்கா எழுதுறண்டா நீங்க எழுதுங்க. இது ஒங்கட பாடம், என்ட பாடமில்ல" என்றேன்.

இன்னொரு உம்மாவைப் போல என்னை வளர்த்தவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. ராத்தா அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த வருடமே நான் கட்டாருக்குப் போனேன். ஒரு கட்டுமானக் கம்பனியில் களஞ்சியக் காவல். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தேன். பெருநாளைக்கு அழைப்பு எடுத்தால் ராத்தாவிடம் ஸலாம் சொல்வேன். உம்மாவின் சுகம் கேட்பேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வாப்பா மௌத்தான செய்தியை ராத்தாதான் சொன்னார். அன்றும் நாங்கள் இருவரும் சேர்ந்து அழவில்லை. அவர் ஊரில் அழுதார், நான் கட்டாரில் அழுதேன்.

அல்லாஹ்வின் கருணையால் அந்தக் கம்பனியில் இருந்த ஓர் அலுவலர் கணினியில் வரைபடம் கீற எனக்குப் பழக்கித் தந்தார். முப்பது வயதுக்கு மேல்தான் நான் ஆசைப்பட்ட தொழிலுக்கு வந்தேன். ஊருக்குத் திரும்பி சாய்ந்தமருதில் வீட்டுப் படம் வரையும் சிறிய அலுவலகம் ஒன்றைத் திறந்தேன்.

நான் கட்டாருக்குப் போன அதே வருடம் ராத்தா ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார் என்று மச்சான் பிறகு சொன்னார். சாதாரணதரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில், சனிக்கிழமைகளில், பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைப்பது. அதிபர்கள் மாறினார்கள், அந்தச் சனிக்கிழமை மாறவில்லை. எந்தப் பிரிவுக்கு என்ன பாடம், எந்தப் பாடத்தோடு எதைச் சேர்க்கலாம், எங்கள் மாவட்டத்தின் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எப்படிப் போகிறது, கம்பஸ் கிடைக்காவிட்டால் கல்வியியற் கல்லூரியா, தொழினுட்பக் கல்லூரியா, தாதியர் பயிற்சியா என்று எல்லாவற்றையும் கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தார். தொழினுட்பப் பிரிவு புதிதாக வந்தபோது, அதில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று அறிய அம்பாறை, மட்டக்களப்பு என்று பஸ்ஸில் அலைந்தார். பக்கத்துத் தமிழ்க் கிராமமான சொறிக்கல்முனையிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாடசாலை வேறாயிற்றே என்று யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

ஊருக்கு வந்த பிறகும் நான் அவரோடு பட்டும் படாமலும்தான் இருந்தேன். நாலாம் வருடம் அவருக்கு முழங்கால் நோவு கூடி, நடக்க ஏலாமல் போயிற்று. மச்சான் கடமையில் இருந்ததால் ஒரு சனிக்கிழமை நான் அவரை ஓட்டோவில் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றேன். அவர் மண்டபத்துக்குள் போக, நான் வெளி விறாந்தையில் யன்னலோரம் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

உள்ளே நிந்தவூரைச் சேர்ந்த ஒரு தகப்பன் வந்திருந்தார். அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. பக்கத்தில் அவருடைய மகள். "இவ பயோ செய்யட்டும் டீச்சர். நாலு பேர் சொல்றாங்க" என்றார் அவர்.

"மகள், நீங்க என்ன சொல்றீங்க?" என்று ராத்தா கேட்டார்.

"வாப்பா சொன்னாச் சரி டீச்சர்."

"வாப்பா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. அஞ்சு நிமிசம்."

அந்த மனிதர் விருப்பமில்லாமல் எழுந்து விறாந்தைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். கதவு திறந்தபடி இருந்தது. பிள்ளை மெல்லிய குரலில், தொழினுட்பப் பிரிவில் சேர விருப்பம், வீட்டில் பழுதான ரேடியோ, மின்விசிறி எல்லாம் தானே கழற்றிப் பூட்டுவதாகச் சொன்னது. அதைக் கேட்டதும் தகப்பன் திரும்பி உள்ளே போனார்.

"என்ன டீச்சர், புள்ளட மனச மாத்துறீங்களா? ஒம்பது பாடத்திலயும் நல்ல ரிசல்ட் எடுத்த புள்ள."

ராத்தா அவருக்குக் கதிரையைக் காட்டினார். பிறகு சொன்னார்:

"நானும் உங்களப் போலத்தான் நெனச்சன். நல்ல ரிசல்ட் எடுத்த ஒரு புள்ளய, அவன் வேணாண்டு சொல்லச் சொல்ல, பயோவில சேத்து மூணு தரம் எழுத வச்சன். வேற யாருமில்ல, என்ட கூடப்பொறந்த தம்பி. அவன்ட அஞ்சாறு வருஷத்த நான் திண்டுட்டன். எனக்குக் கிடைக்காதத அவன்ட தலையில வச்சன். மறுகா அவன் என்னோட நேரா மொகம் பாத்துக் கதைக்கல்ல. நீங்க முதல்ல புள்ளட்டக் கேளுங்க. மறுகா என்னட்ட வாங்க."

அந்தத் தகப்பன் கதிரையில் உட்கார்ந்தார். நான் யன்னலோரத்தில் இருந்து எழுந்து ஓட்டோ நின்ற இடத்துக்குப் போய்விட்டேன். நான் கேட்டது ராத்தாவுக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருக்கலாம். திரும்பி வரும் வழியில் "கடையில பாண் வாங்கணும்" என்று மட்டும் சொன்னார். நான் நிறுத்தி வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் கூட்டிப்போனேன்.

ராத்தா சொன்னதெல்லாம் சரியாக நடந்தது என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். தன் விருப்பப்படி வணிகப் பிரிவு எடுத்த ஒரு மாணவன் இடையில் படிப்பை விட்டபோது, மருதமுனையில் இருந்த அவன் வீட்டுக்கு மூன்று முறை போனார். கடைசிவரை அவன் திரும்பி வரவில்லை. "நான் கேக்க வேண்டிய ஒரு கேள்விய கேக்காம உட்டுட்டன்" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில் ஈரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுக்க முடியாத நிலை. சிகிச்சைக்கு மேல் சிகிச்சை, பயணத்துக்கு மேல் பயணம். கடைசியில் வைத்தியர்களே வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அந்த மாதம்தான் சாதாரணதரப் பெறுபேறு வந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் வீட்டு வாசலில் நின்றார்கள். மச்சான் அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். ராத்தா விடவில்லை.

"நாலு பேரா வரச் சொல்லுங்க. கதைக்க ஏலாட்டி எழுதிக் காட்டுறன்" என்றார். தலையணையில் சாய்ந்தபடி, கொப்பித் தாளில் கேள்வி எழுதிப் பிள்ளைகளிடம் நீட்டினார். இரண்டு கிழமை அப்படி நடந்தது. மூன்றாம் கிழமை பேனை பிடிக்கவும் ஏலாமல் போயிற்று.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கரண்டியால் மருந்து கொடுக்கப் போனேன். ராத்தா வாயைத் திறக்காமல் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒனக்கு இன்னும் கோவமா?"

எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வியோ. நான் கரண்டியை அவர் வாய்க்கு நீட்டினேன். "முதல்ல மருந்தக் குடிங்க ராத்தா" என்றேன். அவர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவருக்கு நினைவு தப்பியது. இரண்டாம் நாள் நண்பகல் ளுஹர் பாங்கு சொல்லி முடிகையில் ராத்தாவின் ரூஹ் பிரிந்தது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ராத்தாவின் நோயில் கைகொடுத்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் மூன்று நேரமும் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், குர்ஆன் கத்தம் ஓதிய பிள்ளைகளுக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்ட பெண்களுக்கும், மழைக்குள் நின்று கபுறு வெட்டியவர்களுக்கும், சந்தூக்கைத் தோளில் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும், சொறிக்கல்முனையிலிருந்து வந்து வாசலில் நின்று அழுத தாய்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களுக்கான கூலியை அல்லாஹ் தருவான்.

மௌத்தானவருக்காக மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம். ராத்தா சொன்ன சொல்லால், அவர் சரி போட்டுக் கொடுத்த பாடத்தால், உங்களில் யாருடைய பிள்ளையின் காலமாவது வீணாகிப் போயிருந்தால், அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார் என்று எண்ணி அதை அவருக்கு மன்னித்துவிடுங்கள். அப்படிக் காலம் வீணானவன் என்று எனக்குத் தெரிந்து ஒருவன் இருக்கிறான். அவன் எப்போதோ மன்னித்துவிட்டான். அதை ராத்தாவின் காதில் சொல்ல அவனுக்கு ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தது. அவன் சொல்லவில்லை. ராத்தாவுக்காகத் துஆச் செய்யும்போது அவனுக்காகவும் ஒரு துஆக் கேளுங்கள்.