போன் செய்யாமல் வந்த ஜீப்

என் வீட்டுக்காரர் துணை ராணுவத்தில் இருக்கிறார். பல வருஷமாக வடக்கே காட்டுப் பகுதியில், உள்நாட்டுச் சண்டை நடந்த இடத்தில்தான் வேலை. நான் பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணின் கணவரும் அதே முகாமில்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இங்கே ஆவடியில் இருக்கும் படைக்காரர்கள் யார் வீட்டுக்கு வருவதானாலும், சிலிண்டர் இரவல் கேட்கக்கூட, முதலில் போன் செய்து "ஒண்ணுமில்ல, சும்மாதான் வர்றேன்" என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் வாசலில் சீருடை வந்து நின்றால், செத்துப்போன செய்தி என்று அர்த்தம்.

இந்த வருஷம் சண்டை ஓய்ந்துவிட்டது. துப்பாக்கி தூக்கியவர்கள் சரணடைவதை டிவியில் காட்டினார்கள். "இனிமே இன்னா பயம்? மண்ணுல பொதைச்சு வெச்ச குண்டுங்கள எடுத்துகினு கீறோம், அவ்ளோதான்" என்றார் வீட்டுக்காரர் போனில், ஏதோ கிழங்கு தோண்டுகிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரி நம்பிவிட்டாள். கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள்.

ஒரு நாள் காலை என் வாசலில் ஜீப் வந்து நின்றது. போன் வரவில்லை. ஜன்னல் வழியாகச் சீருடைகளைப் பார்த்தேன். தாழ்ப்பாளைப் போட்டுக் கதவில் சாய்ந்து நின்றேன். திறக்காதவரை அவர் உயிரோடு இருப்பார் என்று பட்டது. தட்டினார்கள். நான் அசையவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார்" என்றார் அதிகாரி, வெளியிலிருந்தே.

திறந்தேன். "போன் பண்ணித் தொலையக் கூடாதா?" என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எதிர்வீட்டம்மாவுக்குத்தான் சேதி. குண்டு எடுக்கும்போது வெடிச்சிடுச்சு. அவர் போயிட்டார். அந்தம்மா தனியா இருப்பாங்க, கூட ஒரு பொம்பளை இருந்தா நல்லதுன்னுதான் முதல்ல இங்க வந்தோம்."

என்னுடையவர் இல்லை என்கிற நிம்மதிதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை.

அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜீப் என் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டாள். செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, அதிகாரியைத் தாண்டி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதக்கா. தெகிரியமா இரு. நான் கீறேன்ல?" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.