மாதக் கடைசிக்கு மறுநாள் எடுத்த ரத்தம்

வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் தூக்குவது அவர் தொழில். இரும்பு பீரோவைப் பட்டையால் முதுகில் கட்டி ஒற்றை ஆளாக மாடி ஏற்றிவிடுவார் என்பதால் எல்லாரும் ‘பீரோ’ என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மட்டும்தான் யாராவது சொல்வார்கள்.

கல்லீரலில் ஹெபடைட்டிஸ் பி கிருமி. வருஷக்கணக்காகக் குடியிருக்கிறது, வாடகையும் தராது, காலியும் பண்ணாது. மருந்து இப்போதைக்கு வேண்டாம், குடியை விடுங்கள், அவ்வப்போது ரத்தத்தில் என்சைம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. கல்லீரல் புண்பட்டால் அதிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்கிற சமாச்சாரம் அது. ஏறினால் உள்ளே அடிதடி நடக்கிறது என்று அர்த்தம்.

பீரோ அன்றோடு குடியை விட்டார். நிஜமாகவே விட்டார். கூட்டாளிகள் கேலி செய்தபோதும் சோடாவோடு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் என்சைம் ஏறித் தொலைத்தது. பார்க்கிற இரண்டில், கல்லீரலுக்கே உரியது கொஞ்சம்தான் கூடியிருந்தது. மற்றது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

“இப்படி ஏறினா பெரும்பாலும் குடிதான் காரணம்” என்று டாக்டரம்மா சொன்னபோது மனைவியும் பக்கத்தில் இருந்தாள். வந்தது வினை.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே விசாரணை.

“வாயை ஊதுங்க.”

“சத்தியமா தொடலடி!”

“அப்ப ரத்தமா பொய் சொல்லுது?”

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் அண்ணன் குடித்தே செத்தவர். அடுத்த பரிசோதனையிலும் அதே கதைதான். அன்று அவள் துணிமணியை எல்லாம் பெட்டியில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“இன்னொரு தடவை ஏறட்டும், நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். இன்னொரு சாவை உக்காந்து பாக்க எனக்குத் தெம்பில்ல.”

செய்யாத தப்புக்கு என்ன சாட்சி கொண்டுவருவது? மனுஷன் சோறு இறங்காமல் தவித்தார்.

ஊரில் பாதிப் பேர் மாதக் கடைசியில்தான் வீடு மாறுவார்கள். தூக்குகிறவர்களுக்கு அதற்கு மறுநாள்தான் ஓய்வு. பீரோ எப்போதும் அன்றைக்குத்தான் காலையில் ரத்தம் கொடுத்து, மாலையில் டாக்டரம்மாவைப் பார்ப்பார். இந்த முறையும் அப்படியே போனார். என்சைமும் அப்படியே ஏறியிருந்தது.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு, வயிற்றைப் பார்க்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பீரோவுக்குக் கை தூக்கவே வரவில்லை. தோள் முழுக்கப் பட்டை அழுத்தி நீலம் பாய்ந்திருந்தது.

“என்ன இது?”

“நேத்து ஒரு பியானோம்மா. லிஃப்ட் இல்லாத வீடு.”

“எப்பவும் இப்படித் தூக்கிட்டு மறுநாள்தான் ரத்தம் குடுப்பீங்களா?”

“மத்த நாள்ல யாரும்மா லீவு குடுக்கிறாங்க?”

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அந்த ரெண்டாவது என்சைம் தசையிலயும் இருக்கு. தசை அடிபட்டாலும் ஏறும். நான் முன்னாடியே கேட்டிருக்கணும், என் தப்பு.”

காலையில் எடுத்த ரத்தத்திலேயே தசைக்கென்று உள்ள என்சைமையும் பார்க்கச் சொன்னார். அது கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. சில நாள் சாமான் எதையும் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி வரச் சொன்னார்.

அவர் இதை வீட்டில் சொல்ல, அதையும் பார்த்துவிடலாம் என்று மறுபடி போனபோது மனைவியும் வந்தாள். எல்லாம் இறங்கியிருந்தது.

“இவர் குடிக்கலம்மா” என்று டாக்டரம்மா அவளைப் பார்த்தே சொன்னார். “ஆனா கிருமி அங்கேயேதான் இருக்கு. என்சைம் சரியா இருக்குன்னு விட்டுட முடியாது. கிருமி எவ்வளவுன்னும் பாக்கணும், ஸ்கேனும் எடுக்கணும். வந்துக்கிட்டே இருங்க.”

வீடு வந்ததும் அவள் முன்னால் போனாள். வீட்டைத் திறந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

“ஏன் நிக்கிறீங்க?”

“ஊத வேணாமா?”

“குத்திக் காட்டாதீங்க.”

“நான் சொன்னதை நம்பல. என் ரத்தம் சொன்னதைத்தான் நம்புன. அதுதான் வலிக்குது.”

“பயந்துட்டேங்க” என்று உடைந்து அழுதாள். “அண்ணன் மாதிரி நீங்களும் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன். தப்புதான்.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். அது அசையவில்லை. பழக்க தோஷம், அவர் குனிந்து கை வைத்தார்.

“நீங்க தூக்காதீங்க” என்றாள். “நானே பிரிச்சு வைக்கிறேன்.”