இடது கண்ணுக்கு ஒரு சோதனை

மலைமேல் இருப்பவர்களுக்கு எது மங்கினாலும் பனிதான். தேயிலை லோரி ஓட்டும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நல்ல வெயிலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பிரிஞ்சாங் இறக்கத்தில் ஊர்ந்து வந்தவர், "பனி ஜாஸ்தி லா" என்றார். வாசலில் போய்ப் பார்த்தேன். எதிர்மலையில் செடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணைப் பொத்தியதும் என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மலையடியில் ஈப்போவிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் நம் தமிழ்ப் பெண்.

"இடது கண்ணுல ரத்தம் திரும்பிப் போற குழாய் அடைச்சிருக்கு, அங்கிள். விழித்திரை எவ்வளவு பாதிச்சிருக்குன்னு கரண்டு அளந்து பாக்கணும்."

"கண்ணுல கரண்டு வைக்கப் போறீங்களா?"

"நாங்க வைக்கல. வெளிச்சம் பட்டா உங்க கண்ணே கொஞ்சம் கரண்டு குடுக்கும். நல்லா வந்தா, ஊசி போட்டுப் பார்வையக் கொஞ்சம் மீட்கலாம்."

"வரலன்னா?" என்று நான் கேட்டேன்.

"அப்ப கஷ்டம், ஆன்ட்டி."

சொட்டு மருந்து விட்டு, கண் பழகுவதற்காக அரை மணி நேரம் இருட்டறையில் உட்கார வைத்தார்கள். நானும் கூடவே உட்கார்ந்தேன்.

"மொதல்ல பனின்னுதான் நெனச்சேன்," என்றார் திடீரென்று. "அப்புறம் தெரிஞ்சிடுச்சு. ஒரு மாசமாச்சு. சொன்னா லோரிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக ஒற்றைக் கண்ணோடு அந்த வளைவுகளில் இறங்கியிருக்கிறார் மனுஷர். வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருப்பேன். அதற்குள் அவர் கை தடவிவந்து என் கையைப் பிடித்தது. இருபத்தெட்டு வருஷத்தில் வெளியிடத்தில் என் கையைப் பிடித்தவரில்லை. இப்போது இறுக்கிப் பிடித்தார். எனக்கும் பயம்தான். அந்தக் கையை விடவே மனம் வரவில்லை.

கீழிமையில் மெல்லிய இழை ஒன்றை வைத்து, வெளிச்சத்தைப் பளிச்சென்று அடித்தார்கள். திரையில் வலது கண்ணின் கோடு நன்றாக எழும்பியது. இடது கண்ணுடையது தாமதித்தது. பிறகு குட்டையாக எழும்பியது.

"குறைவுதான். ஆனா பதில் சொல்லுது," என்றார் டாக்டர். "ஊசி போட்டுப் பாக்கலாம். லோரி மட்டும் இப்ப வேணாம், அங்கிள்."

அவர் தலையாட்டினார். டாக்டர் அறை விளக்கைப் போட்டு, அவருடைய வலது கண்ணை மறைத்து, "இப்ப ஆன்ட்டியப் பாருங்க. என்ன தெரியுது?" என்று கேட்டார்.

நெடுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி தெரியல. கை கண்ணுக்குப் போவுது. அழுவுறா."

"அழுவல," என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன், அழுதுகொண்டே.