பண்ணையாரின் வெள்ளை விதையில் சிவப்பு வந்த கதை

சில பருக்கை சோற்றுக்காக ஒரு குடும்பம் வயலை இழக்குமா?

போன வாரம் குற்றாலத்தில் இழக்கப் பார்த்தது. நான் அங்கே இருந்தேன். பட்டம் பெற்றவன் என்ற முறையில் சும்மாவும் இருக்கவில்லை.

சீசன் காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சாரல் தொடங்கியதும் தென்காசியில் வீடு உள்ளவர்கள் குற்றாலத்தில் பங்களா பிடிப்பார்கள். குற்றாலத்தில் பங்களா உள்ளவர்கள் விருந்தாளிகளைப் பிடிப்பார்கள். எங்கள் பண்ணையார் குற்றாலிங்கம் இரண்டாம் வகை. சிற்றாற்றுப் பாசனத்தில் நல்ல நிலம், அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் பங்களா, எல்லை தாண்டித் திருவிதாங்கூர்ச் செங்கோட்டையில் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தம்... இத்தனைக்கும் மேலே அவருக்கு ஒரு பெருமை உண்டு. அது அவருடைய விதைநெல்.

எங்கள் பக்கத்தில் விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து, பிரிக்கயிறு சுற்றி, சாணம் மெழுகி, கோட்டையாகக் கட்டி வைப்பார்கள். பண்ணையார் வீட்டில் அந்தக் கோட்டைகள் தனி அறையில் இருக்கும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். குத்தகைக்காரர் எவரும் சொந்த விதை போடக் கூடாது. விதைப்பு நாளன்று பண்ணையாரே கோட்டையை உடைப்பார். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியைத் தம் வேட்டி மடியில் கொட்டிப் பார்ப்பார். வேட்டி எது, அரிசி எது என்று தெரியாவிட்டால் விதை தேறியது. (அந்த வேட்டி அத்தனை வெள்ளையன்று என்பது வேறு விஷயம்.)

"எங்க பாட்டனார் விதைல்லா! சுத்த ஜாதி!" என்பார். சுற்றி நிற்பவர்கள் ஆமாம் போட வேண்டும். போடுவார்கள்.

இந்த வெள்ளையில்தான் சிவப்பு விழுந்தது. மதராஸிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒரு வக்கீலுக்கு விருந்து. இலையில் பிசானப் பருவத்தில் விளைந்த புது அரிசிச் சோறு. வக்கீல் ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "உங்கள் சுத்த ஜாதி வெட்கப்படுகிறதே, சிவந்திருக்கிறதே!" என்றார். பந்தி முழுதும் சிரித்தது. பண்ணையார் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அந்த நெல் விளைந்த வயலின் குத்தகைக்காரன் இசக்கியும் அவன் மனைவி மாடத்தியும் பங்களா வாசலில் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள். பண்ணையார் வராந்தாவில் சாய்வு நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் நான். நடுவே ஒரு வெண்கலத் தட்டு. சமையற்காரர் அரிசி முழுவதையும் புடைத்து, சிவப்பு மணிகளைப் பொறுக்கி அதில் வைத்திருந்தார். கொலை வழக்கில் கத்தியை வைப்பார்களே, அப்படி.

"ஏலே இசக்கி, எவன் நெல்லைலே கொண்டாந்து என் நெல்லோட கலந்தே?"

"கலக்கலையே எசமான். நீங்க உடைச்சுத் தந்த கோட்டையத்தான் வெதச்சேன்."

"அப்போ நான் கலந்தேனாலே?"

இசக்கி தலை குனிந்துகொண்டான். மாடத்தி குனியவில்லை. "அப்படி யாரு சொன்னா எசமான்? நீங்கதான சொல்லுதிய."

"ஏட்டி, வாயப் பாரு! வருத பிசானத்துக்கு அந்த வயல் உங்களுக்குக் கிடையாது. வேற ஆள் பாத்தாச்சு."

மாடத்தியின் முகம் மாறியது. அவர்களுக்கு வேறு வயல் இல்லை. வயல் போனால் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை மூட்டை தூக்கப் போகலாம். இல்லாவிட்டால் மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறலாம். ஏறியவர்களில் காய்ச்சல் இல்லாமல் இறங்கி வந்தவர் யார்?

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்றேன். "முந்தின வருஷம் விதைநெல்லு எடுத்தது இசக்கி வயல்லதானே? அப்போ அதுக்கு அடுத்த வயல்ல என்ன போட்டிய?"

"செவப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காக. அவங்களுக்கு வெள்ளைச் சோறு எறங்காதே."

"அந்தச் செவப்புதான் இங்கன வந்திருக்கு."

"நடந்தா வந்துச்சு?"

"காத்துல வந்துச்சு."

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், பண்ணையாரிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

குளக்கரையில் தானாக முளைக்கும் காட்டு நெல்லைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட மீசை, உள்ளே சிவப்பு அரிசி. பழுத்ததும் தாளை விட்டு உதிர்ந்து, சேற்றில் புதைந்து, தனக்கு இஷ்டமான மழைக்கு முளைக்கும். எவர் தயவும் அதற்கு வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் எப்போதோ சில பிசகிய செடிகள் பிறந்தன — மணி உதிராதவை, மீசை வளராதவை, சிவப்பு ஊறாதவை. காட்டில் விட்டிருந்தால் அவற்றின் வம்சம் விளங்கியிராது. ஆனால் மனிதன் பார்த்தான். அரிவாள் வரும்வரை தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மணியைத்தானே வீட்டுக்குக் கொண்டுவர முடியும்? உதிர்ந்தது மண்ணோடு போயிற்று, நின்றது விதையாயிற்று. குத்தகைக்காரர்களையும் நம் பெரிய மனிதர்கள் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆக, நாம் உயர்ந்த ஜாதி என்று கோட்டை கட்டிப் பூட்டி வைத்திருப்பது, முன்னோரின் குணங்களை ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்ட ஒரு பரம்பரையை. வெண்மை என்பது சிவப்பு வராமற்போன குறை. (இந்த வாக்கியத்தைப் பண்ணையாரிடம் நான் சொல்லவில்லை. விளைவுகளை யோசிப்பவன் நான்.)

இப்போது வழக்குக்கு வருவோம். நெல் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும். எப்போதாவது காற்று பக்கத்து வயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்படிப் பிறந்த மணி அந்த வருஷம் வெள்ளையாகவே இருக்கும். ஏனென்றால் அரிசியின் மேல்தோல் தாய்ச்செடியின் உடம்பு. தகப்பன் அதில் தெரியமாட்டான். வேட்டியில் கொட்டிப் பார்த்தாலும் தெரியமாட்டான். அடுத்த வருஷம் அந்த மணி முளைத்து, தானே ஒரு தாயாகும்போதுதான் தகப்பனின் சிவப்பு வெளியே வரும். வந்தால் வெள்ளையை முற்றிலும் அடக்கி ஆளும். அதற்கும் அடுத்த தலைமுறையில் மூன்று சிவப்புச் செடிக்கு ஒரு வெள்ளை என்ற விகிதத்தில் வெள்ளை மறுபடி தலைகாட்டும். மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்ட ஒரு பாதிரியார் கண்ட கணக்கு இது.

பண்ணையார் தட்டிலிருந்து ஒரு சிவப்பு மணியை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு, "அப்போ என் விதை... எனக்குத் தெரியாம... பக்கத்து வயலோட..." என்று இழுத்தார். முடிக்க நாக்குக் கூசியது.

மாடத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நெல்லு அப்படிச் செய்யாது தம்பி. மனுசன்தான் செய்வான்" என்றார் பண்ணையார்.

"இந்தச் செவப்பு மணிகளையே விதைச்சுப் பாப்போம் அண்ணாச்சி. வெள்ளையும் பிறக்கும். அதுவரைக்கும் இசக்கியே உழட்டும்."

"சரி, நீ சொல்லுதது நெசம்னே வச்சுக்குவோம். என் பாட்டனார் விதை கெட்டுப்போச்சுன்னு ஊருக்குள்ள நான் போய்ச் சொல்லவா? இசக்கி கலந்துட்டாம்னா ஒரு வார்த்தைல முடிஞ்சுது!"

கவனித்தீர்களா? உண்மையை அவர் மறுக்கவே இல்லை. உண்மை அவருக்குச் செலவு. பொய் இசக்கிக்குச் செலவு. இப்படி ஒரு நிலைமை வந்தால் எந்தப் பட்டதாரியின் பிரசங்கம்தான் எடுபடும்?

அந்த நேரத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் ஈரத் துண்டும் வயிற்றில் அகோரப் பசியுமாக வந்து சேர்ந்தார் செங்கோட்டைச் சம்பந்தி. நேராக வெண்கலத் தட்டைத்தான் பார்த்தார். ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார், முகம் மலர்ந்தது.

"ஆஹா, நம்ம ஊர் அரிசி! இது எதுக்குத் தனியா இருக்கு?"

உள்ளே இருந்து சமையற்காரர் உற்சாகமாகக் குரல் கொடுத்தார்: "குப்பைக்கு அண்ணாச்சி!"

சம்பந்தி கைப்பிடி அரிசியைத் தட்டில் திரும்பக் கொட்டினார்.

"குப்பைக்கா?" என்றார் சம்பந்தி, மெல்ல. "எங்க வீட்டுல மூணு வேளையும் இதத்தான் திங்கோம். உங்க மகளும் இதத்தான் திங்குதா, சம்மந்தி."

பெண்ணைக் கொடுத்தவருக்கு அந்த வாக்கியம் எங்கே போய்த் தைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பண்ணையார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எவம்லே அவன் குப்பைங்கது? உங்களுக்குன்னு பொறுக்கி வச்சதுல்லா சம்மந்தி! உங்க நெனப்பாவே இருக்கட்டும்னு வெள்ளையோட கொஞ்சம் செவப்பும் கலந்து போடச் சொன்னதே நான்தான். இந்தா நிக்கான் இசக்கி, அவனக் கேளுங்க. என்னலே?"

இசக்கி என்னைப் பார்த்தான். மாடத்தி அவனை முழங்கையால் இடித்தாள்.

"ஆமா எசமான். கலந்தேன்."

நடுங்கிக்கொண்டே மறுத்த குற்றத்தை நிம்மதியாக ஒப்புக்கொண்டான். சம்பந்தி அவன் தோளில் தட்டி, "நல்ல ஆளு. இவன விட்டுராதிய சம்மந்தி" என்றார்.

நான் விடவில்லை. நல்ல மனம் வருவதைப் போலவே போய்விடவும் கூடும். அடுத்த அறுவடையில் சிவப்பு கூடினால் மறுபடி யார் தலை உருளும்?

"அண்ணாச்சி, அப்போ வருத பிசானம்?"

"இசக்கிதான். வேற யாரு?"

"செவப்பு கூடினாலும் கொறஞ்சாலும் இசக்கி பொறுப்பில்லன்னு சம்மந்தி அண்ணாச்சி முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பண்ணையார் என்னைப் பார்த்த பார்வையில் பிசானப் பயிரே கருகியிருக்கும். ஆனாலும் சொன்னார். சம்பந்தி கேட்டுத் தலையாட்டினார். அது பத்திரத்தைவிடப் பலம். பிறகு பண்ணையார், "வருசா வருசம் இதே மாதிரிக் கலந்து போடணும், கேட்டியாலே?" என்று ஓர் உத்தரவும் போட்டார். இருவரும் சாப்பிட உள்ளே போனார்கள்.

விஞ்ஞானம் தோற்றது, சம்பந்தம் வென்றது, வயல் தங்கியது. நியாயம் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் செங்கோட்டையில் மகளைக் கொடுக்காத பண்ணையார்களின் இசக்கிகள் என்ன செய்வார்கள் என்பதை நினைத்தால், எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

கேட் அருகே இசக்கி என்னை நிறுத்தினான். முகத்தில் புதுக் கவலை.

"அய்யா, வருசா வருசம் கலக்கணும்னுட்டாவளே... அத எப்படிச் செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் இசக்கி. அவரு தார விதையப் போட்டுட்டுச் சும்மா இரு. காத்து பாத்துக்கிடும்."

மாடத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புருஷனைக் கையால் காட்டினாள்.

"அதத்தானே அய்யா இவிய இந்தத் தடவையும் செஞ்சாவ?"