ஐந்தாம் பாகத்தில் அவள் திரும்பிப் போனாள்

என் தங்கையின் வலது மணிக்கட்டை உடைத்தது இரண்டு கிலோ எடைக்கல். அவள் கணவர் வெள்ளிமலையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். கல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். பிறகு முடியைப் பிடித்து, கடைவாசல் சிமெண்ட் படியில் அவள் முகத்தை மோதினார். இரண்டு பற்கள் போயின. கிழங்கு இறக்க வந்தவர்கள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ஒரு பார்சல். ரத்தக் காட்டேரி இளைஞன் ஒருவனைக் கல்லூரிப் பெண் காதலிக்கும் தொடர் நாவலின் ஐந்தாவது, கடைசிப் பாகம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கி, வழக்கம்போல மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் நான்தான் கொடுத்தனுப்பியிருந்தேன். கண்டக்டர் அதைச் சிரித்துக்கொண்டே அவளிடம் நீட்டியதை அவள் கணவர் பார்த்துவிட்டார்.

நான்காம் பாகத்தின் முடிவில், பசி வெறியில் காட்டேரி நாயகியின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அடிப்பான். அவள் வீட்டைவிட்டு வெளியேறுவாள். எங்கே போனாள், எப்படிப் பிழைத்தாள் என்பதை என் தங்கை ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அவள் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளும் வெளியேற நினைத்தாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜீப்பில் கீழே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். தோளில் கல்லின் அறுகோண விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். அதே பதில். பத்திரிகையில் குற்றச் செய்திகளைத் திருத்தும் வேலை எனக்கு. இதற்கு நாங்கள் ‘குடும்பத் தகராறு’ என்று தலைப்பு வைத்து இரண்டு வரி கொடுப்போம்.

புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடியே வந்திருந்தாள். அட்டையில் அச்சிட்ட ரத்தத்துளிகள் சிவப்பாக இருந்தன. அவளுடையது காய்ந்து டீத்தூள் நிறமாகியிருந்தது.

இடது கையால் புரட்டிப் புரட்டிப் படித்தாள். நாயகி ஹாஸ்டலில் உட்கார்ந்து முக்கால் புத்தகத்துக்கு அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் மழையில் வந்து நின்று அழுகிறான். இவள் திரும்பிப் போகிறாள். கல்யாணம், விருந்து, முற்றும்.

“இன்னாக்கா இது” என்றாள். உதட்டில் தையல் இருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது. “அழுதான், போய்ட்டா. அவ்ளோதானா? செவுத்துல அடிச்சத ஒருத்தர்கூடக் கேக்கல.”

புத்தகத்தை மூடிவிட்டு, “எழுதனவங்கள யாரும் அடிச்சதில்ல போல” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது.

மறுநாள் காலையில் வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்தார். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரும்போதே அவள் கணவரும் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார். அழுதார். நடிப்பு இல்லை, மூக்கு ஒழுகும் அளவுக்கு நிஜமான அழுகை.

“கோவம் வந்தா இன்னா பண்றன்னே தெரில. வூட்டுக்கு வந்துடும்மா.”

பக்கத்துக் கட்டில் பெண்மணி, ஆம்பளை இவ்வளவு அழுகிறானே, போய்விடு என்று என் தங்கைக்குப் புத்தி சொன்னாள். ஏட்டு பேனாவைத் திறந்து, எங்கே வழுக்கி விழுந்தாய் என்று கனிவாகக் கேட்டார்.

அவள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வுழல சார். இவன்தான் அடிச்சான். எடைக்கல்லால.”

கல்யாணமான நாளிலிருந்து ‘அவரு’ என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததில்லை. அழுகை சட்டென்று நின்றது. கட்டில் கம்பியை, கல்லைத் தூக்கிய அந்தக் கை இறுகப் பிடித்ததை நான் பார்த்தேன். ஏட்டும் பார்த்தார். எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, முதலிலிருந்து சொல்லும்படி அவளைக் கேட்டார்.