வைப்பாறு கடலில் சேரும் இடமும் பச்சை மூடியும்

அன்று வேனில் போனது நாலு பேர். நான், என் மக செல்வி, வேனை ஓட்டிய மருமகன் கணேசன், என் தம்பி பால்ச்சாமி. 2007, தை அமாவாசை. வீட்டுக்காரர் போனபிறகு வந்த முதல் தை அமாவாசை. கடற்கரையில் சோறு வைத்தால் பறவை வந்து எடுக்கணும். எடுத்தால்தான் போனவர் மனசு ஆறியதாக அர்த்தம்.

ஏழாயிரம்பண்ணையில் காலை அஞ்சேகாலுக்குக் கிளம்பினோம். விளாத்திகுளத்தில் டீ, ஆளுக்கு ரெண்டரை ரூபாய். ஏழரைக்கு வைப்பாறு கடலில் கலக்குற இடம். மீட்டரில் அறுபத்தெட்டு கிலோமீட்டர். வேன் வாடகை டீசலோடு எழுநூறு.

போன சீசனில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வந்த பூச்சட்டி வாணத்துப் பச்சை பிளாஸ்டிக் மூடி ஒரு லோடு, அச்சுக் கோளாறில் நடுவே ஓட்டையாக வந்துவிட்டது. போர்மேன் பால்ச்சாமிதான். அம்புட்டையும் சாத்தூர்ப் பக்கம் இதே ஆத்துக்குள் கொட்டச் சொன்னான். பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவனுக்குப் போடலாமேலே என்றேன்.

"ஐப்பசி மழைக்கு ஆறே தூக்கிட்டுப் போயிரும்க்கா. கடல் வந்து கேக்கவா போகுது?" என்றான்.

மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டதில் நானும் ஒருத்தி. மறைக்கலை.

இலையில் சோறு வைத்து உட்கார்ந்தோம். கடல்காக்கைகள் எல்லாம் தண்ணியில் மீனுக்குப் பின்னால் போயின. ஒன்றே ஒன்று நடந்து வந்தது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தி நின்றது. அலகு ரெண்டையும் சேர்த்து இறுக்கி ஒரு பச்சை வளையம். மூடின அலகால் சோற்றைத் தள்ளியது, நிமிர்ந்து பார்த்தது, திரும்பத் தள்ளியது. ஒரு பருக்கை உள்ளே போகலை. செல்வி சேலையை வீசிப் பிடிக்கப் பார்த்தாள், தத்திப் பறந்துவிட்டது.

அங்கன வலை உதறிக்கொண்டிருந்தவர், மழைக்குப் பிறகு பறவைக இப்படி அலகில் மூடி மாட்டிச் செத்துக் கிடக்கிறதை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். மீனுக்கு முந்தி மூடிதான் வலை ஏறுதாம்.

"நம்ம மூடியா இருக்காதுக்கா. ஊருல எத்தனை கம்பெனி இருக்கு," என்றான் பால்ச்சாமி.

அலை ஒதுக்கின குப்பையில் குனிந்து ஒன்றை எடுத்தேன். அதே பச்சை. ஓட்டை ஓரத்தில் நகம் மாதிரி அதே பிசிறு. என் கட்டைவிரலைக் கிழித்த பிசிறு எனக்குத் தெரியாதா? அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு பார்வை பார்த்தான். கடலுக்குள்ளேயே வீசினான்.

பன்னெண்டு மணிவரை இருந்தோம். சோறு அப்படியே கிடந்தது.

போறவுக குடிதண்ணி கொண்டு போங்க, நிழல் கிடையாது. சோற்றை இலையில் கட்டுங்க. கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டு வாங்க.

மூட்டை ஏற்றின பாவத்தில் என் பங்கை நான் சுமக்கிறேன். கைக்கு வந்ததைத் திரும்பவும் கடலில் வீசினவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் கூடப்பிறந்தவன், பால்ச்சாமி.